கறி வேண்டாம் என்ற சமையல்கார அக்கா

எங்கள் கேன்டீனில் தலைமைச் சமையல் பார்த்தவரை நேரில் எல்லோரும் அக்கா என்போம். அவர் இல்லாத நேரத்தில் அவருக்கு நாக்கு என்று பெயர். "நாக்கு வந்தாச்சா?" என்று பாத்திரம் கழுவுகிறவர்கள் காலையில் கேட்டுக்கொள்வார்கள். வாய் நீளம் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இந்த இஞ்சி நேத்து அரைச்சது" என்பார். "மிளகாய்த்தூள் வேற கடையில வாங்கினீங்களா?" என்பார். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும்.

அது கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலை. மத்தியானம் நானூறு பேர் சாப்பிடுவார்கள். சமையலறையில் இரண்டு பெரிய அடுப்புகள். வாசல் பக்கம், காற்று வரும் இடத்தில் இருப்பது கறி அடுப்பு. சாக்கடை மூடிக்குப் பக்கத்து மூலையில் இருப்பது பருப்பும் காயும் வேகும் அடுப்பு. கறி அடுப்பில் நிற்பவர்தான் தலைமை. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான். அக்கா ருசி பார்த்து "ம், போகலாம்" என்று சொன்ன பிறகுதான் பரிமாறும் ஜன்னலைத் திறப்பார்கள். மேலாளரே வந்து நின்றாலும் அந்த "ம்" வரும்வரை தாழ்ப்பாளில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நான் அங்கே பதினோரு வருடமாகக் காய் வெட்டுகிறேன். என் மேடை இரண்டு அடுப்புக்கும் நடுவில். குனிந்த தலை நிமிராவிட்டாலும் இரண்டு பக்கமும் தெரியும்.

அக்கா பத்தொன்பது வயதில் பாத்திரம் கழுவ வந்தவர். அப்போதிருந்த சமையல்காரருக்கு ஒரு நாள் சளி பிடித்து மூக்கும் வாயும் அடைத்துக்கொண்டன. பக்கத்தில் நின்ற இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "எப்படி இருக்கு, சொல்லு" என்று கரண்டியை நீட்டினாராம். "நல்லா இல்ல. அழுகின தக்காளி ஒண்ணு விழுந்திருக்கு" என்று பட்டென்று சொல்லிவிட்டாராம். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தால் கீழ் வரிசை முழுக்க அழுகல். அன்றைக்கே கழுவுகிற தொட்டியிலிருந்து அடுப்புப் பக்கம் வந்துவிட்டார். அடுத்த ஏழு வருடத்தில் கறி அடுப்பு அவருடையது. இதை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது அவர் பெருமைப்படவில்லை. அந்தத் தக்காளிக்காரன் மேல் இன்னும் கோபம் இருந்தது.

அவர் கறி சாப்பிடுவதைப் பார்த்தால் பசியில்லாதவருக்கும் பசிக்கும். மூன்று மணிக்கு மேல், எல்லாம் கழுவி முடிந்த பிறகு, ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். நல்லி எலும்பு ஒன்றை முன்கூட்டியே எடுத்து ஒதுக்கியிருப்பார். அதைத் தட்டில் தட்டுவார், உறிஞ்சுவார், ஒரு கண்ணை மூடி ஓட்டைக்குள் பார்ப்பார், மறுபடியும் தட்டுவார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் "தோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் போகும். ஆள் போகாது.

போன வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆறு வாரம் வீட்டில் படுத்திருந்தார். எண்ணெய் கூடாது, கறி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கஞ்சியும் வேகவைத்த காயும்தான். அந்த ஆறு வாரம் வெளியிலிருந்து ஒருவர் வந்து சமைத்தார். கை கழுவும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கும் குறை நோட்டு அந்த ஆறு வாரத்தில் ஒன்று தீர்ந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. அக்கா திரும்பி வந்த அன்று மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். "இனிமே படுத்துக்காதீங்க அக்கா, என்னால தாங்க முடியாது" என்றார்.

அன்று மூன்று மணிக்கு அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எலும்பு தட்டில் இருந்தது. எடுத்தார். தட்டவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். ஒரு துண்டுக் கறியை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்த் துப்பிவிட்டு, என் மேடைக்கு வந்து, வெட்டி மீந்திருந்த வெள்ளரிக்காயை எடுத்துச் சாப்பிட்டார்.

"உடம்பு இன்னும் சரியாகல போல" என்றார் பருப்பண்ணன். மூலை அடுப்புக்காரர் அவர். பருப்பு வைப்பதால் பருப்பண்ணன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுதான் போக மாட்டேங்குது."

ஒரு வாரம் அப்படியே போயிற்று. சமையலறையில் ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் சும்மா விட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

"யாருக்காவது சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களாக்கா?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"டிவில ஏதாவது பாத்துட்டீங்களா? ஆட்டைப் பாத்தா பாவமா இருக்கா?"

"முப்பது வருஷமா வெட்டி வேக வச்சிருக்கேன். இப்பப் போய்ப் பாவம்னா ஆடே சிரிக்கும்."

"அப்ப டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டார்."

"பின்ன எதுக்குக்கா?"

"எதுக்குன்னு இல்ல. வேணாம்னு தோணுது."

இந்தப் பதிலை யாரும் ஏற்கவில்லை. காரணம் இல்லாமல் ஒருவர் கறியை விடுவாரா என்று அவர் போன பிறகும் பேசினார்கள். மருமகள் ஏதாவது சொல்லியிருப்பாள் என்று முடிவு கட்டினார்கள். அக்காவுக்கு மருமகளே இல்லை, இருப்பது ஒரே மகள், அவளும் வேறு ஊரில் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

நான் அவர் குடியிருக்கும் கட்டடத்தில்தான் ஒரு மாடி கீழே இருக்கிறேன். ஒரே பஸ்ஸில் போய் வருவோம். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் சாயங்காலம் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டில் கறி. அக்கா தட்டில் பீன்ஸ்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார் என்னைப் பார்த்து. "இவ தின்னாம நான் மட்டும் தின்னா, திருடித் தின்ற மாதிரி இருக்கு."

"நான்தானே ஆக்கிப் போடறேன். அப்புறம் என்ன திருட்டு?"

"அதான் இன்னும் கஷ்டமா இருக்கு" என்றார் அவர். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டார்.

வீட்டில் இப்படி ஓடிவிடும். வேலையில் ஓடவில்லை. அக்கா ருசி பார்க்க வேண்டும். முதலில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பினார். அந்தத் தொட்டி பரிமாறும் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது, ஜன்னலில் பாதி கண்ணாடி. நான்காம் நாள் குறை நோட்டில் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "சமைத்தவரே துப்புகிற குழம்பை நாங்கள் மட்டும் விழுங்க வேண்டுமா?" கீழே ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மேலாளர் நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், அந்த நோட்டைப் பார்த்தால்தான் அவருக்கு வியர்க்கும்.

"அக்கா, துப்பாதீங்க."

"சரி சார்."

"முழுங்குங்க."

அக்கா குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிட்டார். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். "சரியா இருக்கா?" என்பார். "சரியா இருக்குக்கா" என்பேன். ஜன்னல் திறக்கும். எட்டு நாள் இப்படிப் போயிற்று. அந்த எட்டு நாளும் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. கை பழகிய சமையல், நாக்கு இல்லாமலும் நடந்தது.

ஒன்பதாம் நாள் கறி வண்டி தாமதம். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா உப்பைப் போட்டுக் கிளறும்போது, எத்தனை சிலிண்டர் மிச்சம் என்று கேட்க மேலாளர் கூப்பிட்டார். போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் உப்புப் பாத்திரத்தில் கைவிட்டு மறுபடியும் போட்டார். நான் அப்போது வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முதல் தடவை போட்டதைப் பார்த்தேன், இரண்டாம் தடவை போட்டதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

சொட்டு என் உள்ளங்கைக்கு வந்தது. நாக்கில் பட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்தன. நிமிர்ந்தேன். ஜன்னல் தாழ்ப்பாளில் ஒருவர் கை வைத்து நின்றார். பரிமாறும் நான்கு பேரும் கரண்டியோடு என்னையே பார்த்தார்கள். வெளியே தட்டுகளின் சத்தம். அக்காவும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா" என்றேன்.

அன்று நானூறு பேரில் பாதிப் பேர் தட்டை அப்படியே கொண்டு வந்து வைத்தார்கள். தண்ணீர் டிரம் இரண்டு தடவை காலியாயிற்று. பருப்பண்ணனின் பருப்பு முதல் முறையாக முழுக்கத் தீர்ந்தது, அவருக்கு அதில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று புரியவில்லை. நோட்டில், "இன்றைய ஆடு கடலில் மேய்ந்ததா?" என்று ஒருவர். "தண்ணீர் டிரம்முக்கு நன்றி. இப்படிக்கு, தாகத்துடன்" என்று இன்னொருவர். அக்கா இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டார். மூன்றாவதாக ஒருவர், "அக்காவுக்கு மறுபடியும் உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது சிரிக்கவில்லை. கயிற்றில் தொங்கிய நோட்டைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கேட்டார்:

"உனக்குத் தெரியலயா, இல்ல தெரிஞ்சும் சொல்ல முடியலயா?"

"சொல்ல முடியலக்கா."

"ம்" என்றார். பிறகு, "ஊமைக்கோட்டான்" என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அது வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். அறைக்குக் கதவு இருந்தாலும் அது மூடாது, அதனால் எங்களுக்கும் கேட்டது.

"நீங்க என்ன சாப்பிடறீங்கங்கறது உங்க வீட்டு விஷயம் அக்கா. நான் அதுல தலையிடல. ஆனா கறி அடுப்புல நிக்கறவங்க ருசி பாத்தாகணும். இல்லன்னா அந்த அடுப்பை நான் வேற ஆள்கிட்ட விடணும். அடுப்பு போனா தலைமையும் போகும். எனக்கே சொல்லக் கஷ்டமா இருக்கு. திங்கக்கிழமை முடிவு சொல்லுங்க."

"சொட்டு விட்டு நக்கறதுக்கு இவ்ளோ பேச்சு வேணாம்க்கா" என்று சமையலறையில் எல்லோரும் சொன்னார்கள். "சாப்பிடறது வேற, ருசி பாக்கறது வேற. கண்ணை மூடிட்டு ஒரு சொட்டு. அது என்ன கறியா?" என்றார் ஒருவர். "மருந்துன்னு நெனச்சுக்குங்க" என்றார் இன்னொருவர். பருப்பண்ணன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அடுப்பு யாருக்குப் போகும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். போட்ட கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். வீட்டுக்காரர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அடுப்பில் கறி. கேன்டீன் கறி இல்லை இது. இரண்டு பேருக்கு, இளந்தீயில், பார்த்துப் பார்த்து வைத்தது. படியிலேயே வாசனை வந்துவிட்டது.

"உக்காரு. நீ சாட்சி" என்றார் அக்கா. "இன்னைக்கு இது என் தொண்டையில இறங்கிச்சுன்னா பேச்சே இல்ல. நாளைக்கே சார்கிட்ட போய், பாக்கறேன் சார், முழுங்கறேன் சார்னு சொல்லிடறேன். இறங்கலன்னா, உடம்பு ஏத்துக்கல, நான் என்ன பண்ணட்டும்னு சொல்லிடறேன். ரெண்டுல ஒண்ணு."

தட்டில் போட்டுக்கொண்டார். எலும்பும் போட்டுக்கொண்டார். ஒரு துண்டை வாயில் வைத்தார். நானும் அவர் வீட்டுக்காரரும் அவர் கழுத்தையே பார்த்தோம். மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டு. அதுவும் போயிற்று. எலும்பைத் தட்டி உறிஞ்சினார். ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"இறங்கிடுச்சு!" என்று வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"இறங்கிடுச்சு" என்றார் அக்கா. "ருசியாவும் இருக்கு. மிளகு ஒரு சிட்டிகை கம்மி. மத்தபடி ஒரு குறையும் இல்ல."

"அப்பாடா. அப்ப முடிஞ்சுது."

அக்கா எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தண்ணீர் குடித்தார். கை கழுவப் போய் ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து நின்றபடியே சொன்னார்:

"வேணாங்க."

"என்ன வேணாம்? இப்பத்தானே இறங்கிச்சுன்னே?"

"இறங்குது. அதான் எனக்கும் வயித்தெரிச்சல். இவ்ளோ நாளா வயித்து மேல பழியைப் போட்டேன். அது ஒண்ணும் சொல்லல, பாவம். எனக்குத்தான் வேணாம். இந்த ரெண்டு மாசம் சாப்பிடாம இருந்தது எனக்குப் பிடிச்சிருக்கு. அப்படியே இருந்துக்கறேன்."

"அடுப்பு?"

"போகட்டும்."

"முப்பது வருஷம்டி."

"தெரியும். நான்தானே நின்னேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப இதை நான் சாப்பிடலாமா?"

"திருடித் தின்ற மாதிரி இருக்காது?"

"பழகிக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை மேலாளர் அறையின் மூடாத கதவு வழியே அக்காவின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை, கெஞ்சவுமில்லை. "எனக்கு உடம்பு நல்லா இருக்கு சார். கறி இறங்குது. நான்தான் சாப்பிடறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கேன். வாயில வச்சுட்டு வைக்கலன்னு சொல்ல எனக்கு வராது. வெளியாள் வேணாம், நோட்டு மறுபடியும் தீந்துடும். பருப்புத் தம்பியைக் கறி அடுப்புல விடுங்க. ஒரு வாரம் பக்கத்துல நின்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்றேன். ருசி மட்டும் அவர்து. நான் மூலை அடுப்புக்குப் போறேன்."

மேலாளர் "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டது மட்டும் கேட்டது.

பருப்பண்ணன்தான் பயந்துபோனார். "எனக்குக் கறி பதம் வராதுக்கா. என்னை மாட்டி விட்டுட்டீங்களே" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

"தின்னத் தெரியுதுல்ல?"

"அது நல்லாத் தெரியும்."

"அது போதும். மீதி வரும்."

ஒரு வாரம் அக்கா அவர் பக்கத்தில் நின்றார். எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும், எலும்பிலிருந்து கறி எந்த அளவு பின்வாங்கினால் இறக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்துச் சொன்னார். சொட்டு அவர் உள்ளங்கைக்கு வரவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை தன் கரண்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு சாக்கடை மூடிப் பக்கம் போய்விட்டார். தலைமை என்று சட்டையில் குத்தியிருந்த சின்னத் தகட்டை மேலாளர் கேட்டு வாங்கிப் புதுத் தலைமைக்குக் கொடுத்தார். பருப்பண்ணன் அதைக் குத்திக்கொள்ள மறந்து மேல்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

முதல் நாளே அவருக்கு அதிகாரம் வந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு, "பருப்பு இன்னும் வரலியா?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். சமையலறை அப்படியே நின்றது. அக்காவிடம் இந்த மாதிரி யாரும் கேட்டதில்லை. குரல் கொடுத்தவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது.

அக்கா கிளறுவதை ஒரு நொடி நிறுத்தினார். மறுபடி கிளறினார்.

"வருது தலைவரே, ரெண்டு நிமிஷம்" என்றார்.

அன்று பருப்பும் காயும் பாதிக்கு மேல் மிஞ்சின. வழக்கமாக மிஞ்சுகிற அளவுதான். மூன்று மணிக்கு அக்கா மிஞ்சியதைத் தட்டில் போட்டுக்கொண்டு என் மேடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயை மெதுவாகச் சாப்பிட்டார். முகம் மாறிற்று. தட்டில் கிடந்த காய்த் துண்டு ஒன்றை விரலால் தூக்கினார். அது பாதியிலேயே குழைந்து விழுந்தது.

"இது என்ன?"

"சுரைக்காய்க்கா" என்றேன்.

"சுரைக்காயா? சுரைக்காய் மாதிரி ஒண்ணுமே தெரியலயே. இதையா அந்த மனுஷன் இத்தனை வருஷமா நானூறு பேருக்கு ஊத்திட்டு இருந்தார்? அவர் சொன்ன மாதிரியே வச்சேன், இது வாயில வைக்க வழியில்ல. நானும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாத்ததில்லயே." தட்டைக் கீழே வைக்கவில்லை. குழைந்த துண்டை மறுபடி நாக்கில் வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ரெண்டு தப்பு. சின்னதா வெட்டியிருக்கு. முதல்லயே போட்டு வேக வச்சிருக்கு. நாளைக்கு என்ன காய் வருது?"

"பூசணி."

"எவ்ளோ பெருசா வெட்டுவ?"

காட்டினேன். வழக்கமாக வெட்டுகிற அளவு, கட்டைவிரல் நுனி.

"அது வேணாம். இவ்ளோ" என்று நான்கு விரலைச் சேர்த்து நீட்டினார்.

அது ரொம்பப் பெரியது. அந்த அளவில் உள்ளே வேகாது, மேலே குழைந்துவிடும். எங்கள் பூசணி தோல் தடித்த வகை. எனக்கு அது தெரியும். பதினோரு வருடமாக வெட்டுகிறேன்.

"அது வேகாதுக்கா" என்றேன். "மூணு விரல் போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை மடக்கிக்கொண்டு, மீதித் தட்டையும் சாப்பிட்டு முடித்தார்.